மேலே போகும்போது ராக்கெட், கீழே வரும்போது கிளைடர்



தீபாவளி ராக்கெட்டை விடாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். சர்ரென்று மேலே போகும், வெடிக்கும், குச்சி மட்டும் யார் வீட்டு மாடியிலாவது வந்து விழும். அந்தக் குச்சியைத் தேடி யாரும் போவதில்லை. பெரிய ராக்கெட்டுகளின் கதையும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று கடலில் விழும். அடுத்த ராக்கெட்டுக்கு மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

போன பொருளைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் ஒரு வழி, அதற்கு இறக்கை கட்டிவிடுவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கீழே வரும்போது நமக்கு உதவும் அதே இறக்கை, மேலே போகும்போது எதிரி. இந்த ஒரு சிக்கலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எங்கள் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, இரண்டு கிளைடர்களைச் சுமந்துகொண்டு போய் மேலே விட்டுவிடும் ஒரு மாதிரி ராக்கெட் செய்தோம். சேதராப்பட்டில் தொழிற்பேட்டையை ஒட்டிய வெட்டவெளியில் பதினொரு முறை பறக்கவிட்டோம். அதன் கணக்கும் செய்முறையும் கீழே வருகின்றன. நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இஸ்ரோ செய்த முறை

முதலில் பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். 2016 மே 23 காலை 7 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஒரு விசித்திரமான ராக்கெட்டை விட்டது. கீழே 9 டன் திட எரிபொருள் கொண்ட ஒரு பூஸ்டர், பெயர் எச்.எஸ்.9. அதன் தலைமேல் கூம்புக்குப் பதிலாக ஒரு குட்டி விமானம் உட்கார்ந்திருந்தது. இதற்கு ஆர்.எல்.வி.-டி.டி. என்று பெயர். நீளம் ஆறரை மீட்டர், எடை 1.75 டன். பூஸ்டர் 91 வினாடி எரிந்தது. பிறகு வேகத்திலேயே சென்று, சுமார் 56 கிலோமீட்டர் உயரத்தில் விமானம் தனியே பிரிந்தது. பிரிந்த பிறகும் சுமார் 65 கிலோமீட்டர் வரை ஏறி, அங்கிருந்து ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து, சறுக்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் குறித்த இடத்தில் இறங்கியது. மொத்தம் 770 வினாடி, அதாவது பதின்மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த பூஸ்டரின் எரிபொருள் மெதுவாக எரியும்படி தயாரிக்கப்பட்டது. ஏன்? இறக்கை வைத்த பொருளை அடர்ந்த காற்றில் வேகமாகத் தள்ளினால் இறக்கையில் காற்றின் சுமை ஏறிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் சுமை நாலு மடங்கு. நம்முடைய ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் வருகிற அதே வேகத்தின் வர்க்கம்தான். பரீட்சைக்கு எழுதும்போது அது வெறும் ஃபார்முலா, ராக்கெட்டில் அது இறக்கையை முறிக்கிற கை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த முறை அவர்கள் ஓடுபாதையில் இறக்கிப் பார்க்கவில்லை. கடல் பரப்பை ஓடுபாதை என்று வைத்துக்கொண்டார்கள். ஏறுவது, பிரிவது, சூட்டைத் தாங்குவது, சறுக்குவது, இவ்வளவுதான் அன்றைய பரீட்சை. இறங்குவதற்குத் தனிப் பரீட்சை வைத்தார்கள், அதுவும் ராக்கெட்டே இல்லாமல். 2023 ஏப்ரல் 2 அன்று கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் இருக்கும் சோதனைத் தளத்தில், விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் அந்த இறக்கை வாகனத்தைத் தூக்கிக்கொண்டு நாலரை கிலோமீட்டர் உயரம் போய்க் கழற்றிவிட்டது. அது தானே வழி பார்த்து ஓடுபாதையில் இறங்கிவிட்டது. 2024 மார்ச் 22 அன்று இரண்டாவது முறை, ஓடுபாதையிலிருந்து 150 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விட்டார்கள். தானே திருத்திக்கொண்டு வந்தது. 2024 ஜூன் 23 அன்று மூன்றாவது முறை 500 மீட்டர் தள்ளி. அப்போதும் வந்தது. மூன்றாவது முறை பறந்தது இரண்டாவது முறை பறந்த அதே உடல். தரை தொட்டபோது வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். பயணிகள் விமானம் சுமார் 260-இல் இறங்கும் என்றால் இது எவ்வளவு என்று பாருங்கள். புஷ்பக் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

ஆக ஏறுவதைத் தனியாகவும் இறங்குவதைத் தனியாகவும் சோதித்தார்கள். எங்கள் வேலைக்கு இதையே திட்டமாக எடுத்துக்கொண்டோம்.

மருந்து வேண்டாம், தண்ணீர் போதும்

வெளிநாட்டில் மாதிரி ராக்கெட் விடுவது பெரிய பொழுதுபோக்கு. 1950-களில் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் செய்து காட்டிய சிறிய மோட்டாரிலிருந்து அது ஆரம்பித்தது. அங்கே கடையில் அட்டைக்குழாய் மோட்டார் வாங்கிச் செருகி விடுகிறார்கள். கிளைடரைச் சுமக்கும் ராக்கெட்டுகளையும் அப்படியே செய்கிறார்கள். நமக்கு அப்படி எளிதாகக் கிடைக்காது. எங்கள் குழுவில் ஒருவன், பட்டாசு ராக்கெட்டைப் பிரித்து மருந்தை எடுத்து நாமே குழாயில் அடைத்தால் என்ன என்று கேட்டான். நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் சித்தப்பா சின்ன வயதில் ஒரு பட்டாசுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனவர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. சோறு பிசையும்போது இன்றைக்கும் பார்க்கிறேன். அது தவிர, லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டப்படி குற்றம். டிப்ளமோ வாங்குவதற்கு முன்பே கேஸ் வாங்க வேண்டுமா?

தண்ணீர் ராக்கெட் என்பது இதுதான். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், மிச்சம் காற்று. வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சட்டென்று வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் கீழே பாயும், பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி. தீ இல்லை, புகை இல்லை.

பாட்டிலுக்கு எனக்குப் பஞ்சமில்லை. என் அம்மா சேதராப்பட்டிலேயே பாட்டில் ஊதும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். ரிஜெக்ட் ஆனதைக் கேட்டு வாங்கி வருவார். "ஏன்டா, படிக்க அனுப்பனா பாட்டிலுக்கு ரெக்க கட்டிக்கினு இருக்கியே" என்று கேட்டாரே தவிர, எது சுவர் சமமாக ஊதியிருக்கிறது, எது ஒரு பக்கம் மெலிசு என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொறுக்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கண் எங்கள் இன்ஸ்பெக்ஷன் பாடப் புத்தகத்தில் இல்லை.

கேஸ் அடைத்த குளிர்பானத்துக்கான பாட்டிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சாதாரணக் குடிதண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி 90 பவுண்டு வரை காற்றடித்துச் சோதித்தோம். முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது பாட்டில் கிழிந்தாலும் தண்ணீர்தான் கொட்டும், வெடிக்காது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது என்பதுதான் காரணம். பறக்கவிடும்போது 60 பவுண்டுக்கு மேல் போகவில்லை. அது ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ.

கணக்கு

பாட்டில் வாயின் உள்விட்டம் சுமார் 21.5 மில்லிமீட்டர். பரப்பு 3.6 சதுர சென்டிமீட்டர். 4 கிலோ அழுத்தத்தை இதனால் பெருக்கினால் 14.4 கிலோ. ஆனால் பீறிடும் தண்ணீரின் உந்துவிசை இதைப்போல இரண்டு மடங்கு. பெர்னூலி சமன்பாட்டில் வெளியேறும் வேகத்தைக் கண்டுபிடித்து, அதை வினாடிக்கு வெளியேறும் நிறையோடு பெருக்கிப் பாருங்கள், 2 × அழுத்தம் × பரப்பு என்று வந்து நிற்கும். ஆகவே தொடக்க உந்துவிசை சுமார் 29 கிலோ.

எங்கள் ராக்கெட் வெறுமையாக 200 கிராம். இதில் பாட்டில், வால் இறக்கைகள், கூம்பு, பாராசூட், இரண்டு கிளைடர்கள் எல்லாம் அடக்கம். தண்ணீர் 600 மில்லி. மொத்தம் 800 கிராம். 29 கிலோ விசையை 0.8 கிலோ எடையால் வகுத்தால் 36. அதாவது புறப்படும் கணத்தில் புவியீர்ப்பைப் போல 36 மடங்கு முடுக்கம்!

இந்த 36 என்ற எண்ணைக் கவனத்தில் வையுங்கள். கிளைடர் ஒன்று 25 கிராம். புறப்படும்போது அது தாங்கியின்மேல் 900 கிராம் எடையாக உட்காரும். செல்லோ டேப் போட்டு ஒட்டினால் பிய்த்துக்கொண்டு தரையிலேயே நின்றுவிடும்.

ஆனால் இந்த முடுக்கம் வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. 4 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் வினாடிக்கு சுமார் 28 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். அந்த வேகத்தில் 600 மில்லி தீர 0.06 வினாடி. காற்று விரிய விரிய அழுத்தம் குறைவதால் கொஞ்சம் கூடும், 0.07 என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தீரும்போது ராக்கெட் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் ஏறியிருக்கும். கண் இமைப்பதற்குள் என்பார்களே, நிஜமாகவே அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அப்போது வேகம் என்ன? 1903-இல் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இங்கேயும் பொருந்தும். சராசரி வெளியேற்ற வேகம் 24.5 மீட்டர். தொடக்க எடையைக் கடைசி எடையால் வகுத்தால் 800-க்கு 200, அதாவது 4. நாலின் இயற்கை மடக்கை 1.386. பெருக்கினால் வினாடிக்கு 34 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காற்றுத் தடையே இல்லையென்றால் 59 மீட்டர் ஏற வேண்டும். நாங்கள் அளந்த அதிகபட்ச உயரம் அதில் பாதிக்கும் குறைவு. மிச்சத்தைக் காற்று தின்றுவிட்டது, முக்கியமாக இறக்கைகளால்.

கிளைடர்

பால்சா மரம் விலை அதிகம். கடையில் டிபன் வைத்துத் தரும் மெல்லிய தெர்மோகோல் தட்டுகளை வெட்டி இறக்கை செய்தோம். உடலுக்கு மூங்கில் குச்சி. இறக்கையின் முழு நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 7. முன்விளிம்பில் ஒரு ஈர்க்குச்சியை ஒட்டினால் வளையாது. மூக்கில் களிமண் உருண்டை. எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் வர வேண்டும். அதாவது 7 சென்டிமீட்டருக்கு இரண்டேகால். அந்த இடத்தில் இரண்டு விரல் நுனியில் வைத்தால் சமமாக நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் களிமண்ணைக் கிள்ளி எடுங்கள், வால் தாழ்ந்தால் சேருங்கள்.

இஸ்ரோ ஹெலிகாப்டரிலிருந்து விட்ட மாதிரி நாங்கள் ஒர்க்ஷாப் மாடியிலிருந்து விட்டோம். இரண்டு நாள் முழுக்க இதே வேலை. நேராகப் பறந்தபோது 18 மீட்டரை 3 வினாடியில் கடந்தது. ஆக, சறுக்கும் வேகம் வினாடிக்கு 6 மீட்டர். பிறகு வால் சுக்கானை ஒரு மில்லிமீட்டர் வளைத்து, ஒரு கிளைடர் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் வட்டமடிக்கும்படி செய்தோம். இல்லாவிட்டால் மேலே ஒன்றோடொன்று மோதும், அல்லது காற்றோடு ஊசுட்டேரிப் பக்கம் போய்விடும். ஏரியில் பறவைகள் இருக்கின்றன, நம் தெர்மோகோலுக்கு அங்கே வேலை இல்லை.

இப்போது அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு வருவோம். கிளைடர் 6 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது இறக்கை தரும் தூக்குவிசை அதன் எடைக்குச் சமம், 25 கிராம். ராக்கெட்டின் உச்ச வேகம் 34. வகுத்து வர்க்கம் எடுத்தால் 32. அந்த வேகத்தில் கிளைடர் கழன்றால் அதே சாய்வில் 32 மடங்கு தூக்குவிசை, 800 கிராம், ஒரு தெர்மோகோல் தட்டின் மேல்! ஒன்று, குட்டிக்கரணம் அடிக்கும். இல்லாவிட்டால் இறக்கை மடங்கும். எனவே கிளைடர் கழல வேண்டிய இடம் உச்சி மட்டுமே. அங்கே வேகம் ஏறக்குறைய பூஜ்யம். இஸ்ரோவின் விமானம் 56 கிலோமீட்டரில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பிரிய முடிந்தது, ஏனென்றால் அங்கே காற்றே இல்லாத மாதிரிதான். நமக்கு அந்த வசதி கிடையாது.

பிடிப்பதும் விடுவதும்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். புறப்படும்போது 900 கிராமைத் தாங்கும் பிடி, உச்சியில் ஒரு கிராம்கூட எதிர்க்காமல் விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒரே பிடியால் செய்ய முடியாது என்பது எங்கள் முடிவு. ஆகவே தாங்குவதற்கு ஒன்று, தடுப்பதற்கு ஒன்று என்று பிரித்தோம்.

தாங்குவது ஒரு பால்பாயிண்ட் பேனாவின் குழாய்த் துண்டு. மூன்று சென்டிமீட்டர் நீளம், அடி மூடியிருக்கும், மேலே திறந்திருக்கும். அதைப் பாட்டிலின் பக்கத்தில் நிமிர்ந்த வாக்கில் ஒட்டி, மேலே டேப் சுற்றிவிட வேண்டும். கிளைடரின் வயிற்றில் எல் வடிவத்தில் ஒரு மூங்கில் முளை. முளை குழாய்க்குள் மேலிருந்து இறங்கி உட்காரும். ராக்கெட் மேலே பாயும்போது கிளைடர் பின்னுக்குத் தள்ளப்பட்டு இன்னும் நன்றாக உட்காரும். முடுக்கம் எவ்வளவு கூடினாலும் பிடி இறுகுமே தவிர கழலாது.

சிக்கல் தண்ணீர் தீர்ந்தவுடன் ஆரம்பிக்கிறது. காற்று ராக்கெட்டைப் பிடித்து இழுக்க, அதன் வேகம் குறையும். விளிம்பு காட்டிப் போகும் கிளைடரோ அவ்வளவு சீக்கிரம் வேகம் குறையாமல் முன்னால் நழுவப் பார்க்கும். பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதுதான். நழுவினால் 32 மடங்குக் கதை. இதைத் தடுக்கத்தான் இரண்டாவது பிடி. கிளைடரின் மூக்கு கூம்பின் விளிம்புக்கு நாலு விரல் மேலே நிற்கும். மூக்கிலிருந்து ஒரு நூல் கீழே வந்து, பாட்டிலில் ஒட்டிய குட்டையான முளை ஒன்றில் கண்ணியாக மாட்டும். அந்த முளையின் மேல் கூம்பின் விளிம்பு மூடிக்கொள்ளும். கூம்பு இருக்கும்வரை கண்ணி கழலாது. கூம்பு போனால் இரண்டு கண்ணிகளும் ஒரே நேரத்தில் விடுதலை.

கூம்பு உச்சியில் தானே எப்படிப் போகும்? வேறொரு பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிய கூம்பு அது, 22 கிராம். ராக்கெட்டின் தலையில் இறுக்கமில்லாமல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே மடித்த பாராசூட், அதற்கு மேல் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. ஸ்பாஞ்ச் கூம்பை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் 22 கிராமுக்கும் குறைவான விசையில். தரையில் நிற்கும்போது கூம்பின் எடை அதை அமுக்கி வைக்கும். பறக்கும்போது எதிர்க்காற்று அமுக்கி வைக்கும். உச்சியில் காற்றும் இல்லை. எடையும் இல்லை, ஏனென்றால் உந்துவிசை இல்லாமல் போகும் எந்தப் பொருளும் கைவிட்ட கல் மாதிரி, அதற்குள் இருப்பவை எடையற்றவை. ஆகவே அந்த ஒரு இடத்தில் மட்டும் ஸ்பாஞ்ச் ஜெயிக்கும். கூம்பு கழலும், கண்ணிகள் கழலும், பாராசூட் விரிந்து பாட்டிலை வெடுக்கென்று பின்னால் இழுக்கும், முளைகள் குழாயிலிருந்து உருவிக்கொண்டு கிளைடர்கள் தங்கள் வழியில் போகும்.

இதில் மின்சாரம் இல்லை, டைமர் இல்லை. ஒரு டிபன் தட்டு, ஒரு பேனா, ஒரு ஸ்பாஞ்ச். எங்கள் லெக்சரர் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு டிராயிங் போட்டு வை, வைவாவுல இதத்தான் கேப்பேன்" என்றார். சொன்னபடியே கேட்டார்.

நூல் விஷயத்தில் ஒரு குறிப்பு. மூன்றாவது பறத்தலில் இடது கிளைடர் கழலவில்லை. புறப்படும்போது சிதறிய தண்ணீரில் பருத்தி நூல் நனைந்து முளையோடு ஒட்டிக்கொண்டது. தூண்டில் நரம்பு போட்டபின் அந்தத் தொல்லை வரவில்லை, அது தண்ணீர் குடிக்காது.

பக்கமா, தலையா?

கிளைடர்களை எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்று மட்டும் பக்கவாட்டில் இருந்தால் அதன் தூக்குவிசை ராக்கெட்டை ஒரு பக்கமாக வளைத்துவிடும். இரண்டும் வயிற்றைப் பாட்டில் பக்கம் காட்டி எதிரெதிரே இருந்தால் விசைகள் சமன்படும். இஸ்ரோ ஒரே விமானத்தைத் தலைமேல் வைத்து இந்தத் தொல்லையைத் தவிர்த்தது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981-இலிருந்து பக்கவாட்டில்தான் ஏறிப் போனது. பக்கத்தில் இருப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மேலே இருக்கும் பொருள் எது கழன்றாலும் இறக்கையில் வந்து விழும். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியின் நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியே சூடான காற்று புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். ஏறும்போது பட்ட அடி இறங்கும்போதுதான் தெரிந்தது.

நிலைத்தன்மை

எல்லா ராக்கெட்டுக்கும் பொதுவான விதி: எடை மையம் முன்னாலும் காற்றழுத்த மையம் பின்னாலும் இருக்க வேண்டும், இடையில் குறைந்தது உடலின் ஒரு விட்டம் இடைவெளி. தீபாவளி ராக்கெட்டின் நீளக்குச்சி இந்த வேலையைத்தான் செய்கிறது. காற்றழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை கிளைடரோடு சேர்த்து அட்டையில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்திப் பார்ப்பது. சமமாக நிற்கும் இடம்தான் மையம். அடுத்தது சுழற்றல் சோதனை. காலி ராக்கெட்டின் எடை மையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுற்றினால் மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கிளைடரை இரண்டு விரல் கீழே இறக்கியதும் எங்களுக்கு இது சரியாக வந்தது.

ஏவுதளமும் பறத்தலும்

20 எம்.எம். பி.வி.சி. பைப் ஒன்று பாட்டில் வாய்க்குள் போகும். ஓ-ரிங் கசிவை அடைக்கும். பாட்டில் கழுத்தின் வளையத்தைச் சுற்றி எட்டு கேபிள் டைகளின் தலைகள் பிடித்துக்கொள்ளும், அவற்றின் மேல் பெரிய பைப் துண்டு ஒன்று வளையமாக இறங்கி இறுக்கும். வளையத்தைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தால் டைகள் விரிந்து பாட்டில் பறக்கும். பைப்பின் கீழ்முனையில் பஞ்சர் கடையில் வாங்கிய டியூப்லெஸ் வால்வு. கயிறு பத்து மீட்டருக்குக் குறையக் கூடாது. காற்றடித்த பாட்டில் பக்கம் யாரும் குனியக் கூடாது. காற்றடிக்கிறவன் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். இந்த மூன்றிலும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நேரம் காலை ஆறரை. ஏழரைக்கு மேல் காற்று எழும்பும், மத்தியானம் கடல்காற்று வந்தால் கிளைடர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இஸ்ரோவின் நான்கு சோதனைகளும் காலையில்தான் நடந்தன என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

உயரத்தை அளக்க 30 மீட்டர் தள்ளி ஒருவன் பாகைமானியும் தொங்கு நூலும் வைத்துக்கொண்டு நின்றான். ஏழாவது பறத்தலில் கோணம் 42 பாகை. டேன் 42 என்பது 0.9. முப்பதால் பெருக்கினால் 27, அதோடு அவன் கண் உயரம் ஒன்றரை மீட்டர், ஆக இருபத்தெட்டரை மீட்டர். அன்று வலது கிளைடர் 17 வினாடி வட்டமடித்தது, இடது கிளைடர் 14. பாட்டில் பாராசூட்டில் அதற்கு முன்பே வந்துவிட்டது. அம்மா ஷிப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த பெண்களிடம், "மேல வுட்டது கீய வந்துச்சி பாரு, ஒண்ணும் ஒடயல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிறவன் நான்தான் முதல். நான் என்ன படிக்கிறேன் என்று அம்மா பிறரிடம் விளக்கிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பதினொரு பறத்தலில் எட்டில் இரண்டு கிளைடரும் சரியாகக் கழன்றன. கடைசி ஐந்தும் தொடர்ச்சியாகச் சரி. அதே இரண்டு கிளைடர்கள்தான் ஐந்து முறையும். இறக்கையில் டேப் ஒட்டு கூடிப்போய் ஒன்று 25-லிருந்து 27 கிராம் ஆகிவிட்டது, அவ்வளவே.

இதைப் படிக்கும் ஜூனியர்களுக்கு: நம் ஈ.சி.ஆர். ரோட்டில் பட்டிப்புலத்திலிருந்து 2023 பிப்ரவரி 19 அன்று மாணவர்கள் செய்த 150 குட்டிச் செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் கிளம்பியது. அது வேறு அளவு வேலை, நம் பாட்டில் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அளக்க வேண்டியவை இதிலேயே நிறைய மிச்சம் இருக்கின்றன. தண்ணீரை 400, 500, 700 மில்லி என்று மாற்றினால் உயரம் எப்படி மாறுகிறது என்று நாங்கள் பார்க்கவில்லை, நாள் போதவில்லை. ஏவுதளம் ஒர்க்ஷாப் ஸ்டோரில் இருக்கிறது. ஓ-ரிங் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள், வீட்டில் பதினாலு இருக்கின்றன.